ஊசிக்காரர், ஓர்கன்காரர், தறிக்காரர்

வானரங்கள் கட்டிய பாலத்தை எந்தத் திணைக்களம் பராமரிப்பது என்று இன்றுவரை முடிவாகவில்லை. ஆகவே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் சில மணல் திட்டுகளும் முப்பது கிலோமீற்றர் அளவில் கடலும்தான் மிச்சம். முத்து, சங்கு, கடலட்டை, பீடியிலை, மஞ்சள் என்று இந்தக் கடலால் போனதையும் வந்ததையும் பற்றி எழுதாத ஆள் இல்லை. வராமல் போன ஒரு சாமானைப் பற்றி நான் எழுதப் போகிறேன். அது புல்லட் மோட்டார் சைக்கிள்.

சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் அரை நூற்றாண்டாக அநேகமாக ஒரே வண்டியைச் செய்துகொண்டிருந்தார்கள். அதே ஐம்பது வருடத்தில் மன்னாரில் இங்கிலாந்து வண்டி போய், ஜப்பான் வண்டி வந்து, அது மண்ணெண்ணெய் குடிக்கப் பழகி, பிறகு இந்திய வண்டி லீசிங்கில் வந்து, கட்டுக்காசு பிந்தியதால் அதையும் லீசிங்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சந்தை மாறும்போது கூடவே மாறுகிற கம்பனி பிழைக்கும், மாறாதது அழியும் என்று முகாமைத்துவப் படிப்பில் சொல்லித் தருகிறார்களாம். தலைமன்னார் இறங்குதுறையில் நின்று யோசித்தால் கதை அப்படித் தெரியவில்லை. அக்கரையில் மாறாததாலேயே ஒரு கம்பனி பிழைத்தது. இக்கரையில் கம்பனி சும்மா இருந்தது, வாங்கினவன்தான் மாறினான்.

முதலில் அக்கரைக்காரர். அவர்களுடைய பூர்வீகம் இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊர். தையல் ஊசிக்குப் பேர் போன இடம். அங்கே ஜோர்ஜ் டவுன்செண்ட் என்பவரின் ஊசித் தொழிற்சாலை. ஊசியில் வருமானம் போதாமல் சைக்கிளில் கை வைத்தார்கள், கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1891இல் ஆல்பர்ட் ஈடி, றொபேட் வோக்கர் சிமித் என்ற இரண்டு பேரிடம் கம்பனி போனது. 1893இல் அவர்களுக்கு ஒரு யோகம் அடித்தது. என்ஃபீல்ட் என்ற ஊரில் இருந்த அரச துப்பாக்கித் தொழிற்சாலைக்குச் சின்னச் சின்ன உதிரிகள் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. உடனே தங்கள் சைக்கிளுக்கு ‘ராயல் என்ஃபீல்ட்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். மன்னார் கச்சேரிக்கு இரண்டு பெட்டி ஆணி கொடுத்த கடைக்காரர் அடுத்த நாளே கடைப் பலகையில் ‘மாவட்டச் செயலக மாளிகை’ என்று எழுதின மாதிரி. ‘துப்பாக்கி மாதிரிச் செய்தது’ என்பது விளம்பர வாசகம். துப்பாக்கியை அவர்கள் செய்யவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை.

1901இல் முதல் மோட்டார் சைக்கிள். 1930களின் தொடக்கத்தில் ‘புல்லட்’ என்று ஒன்று. துப்பாக்கி இருந்தால் குண்டும் இருக்கத்தானே வேண்டும்.

நடுவில் ஒரு கூத்து நடந்தது. ஜேர்மனியில் டி.கே.டபிள்யூ என்றொரு கம்பனி சின்ன மோட்டார் சைக்கிள் செய்து ஒல்லாந்திலும் விற்றது. றொட்டர்டாமில் அதன் முகவர்கள் யூதர்கள். நாஜிகளின் காலம், முகவர் உரிமையைப் பறித்துவிட்டார்கள். அந்த முகவர்கள் ரெடிச்சுக்குப் போய், ‘இதே மாதிரி எங்களுக்கொன்று செய்து தாருங்கள்’ என்று கேட்டார்கள். ஊசிக்காரர் அச்சுப் பிசகாமல் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். யுத்தம் வந்ததும் பிரித்தானிய இராணுவம் அதே வண்டியை இரும்புக் கூட்டுக்குள் வைத்து, பரசூட் கட்டி, ஆகாயத்திலிருந்து இறக்கியது. ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ என்று அதற்குப் பேர். ஹிட்லரின் ஆட்கள் துரத்திவிட்ட வியாபாரம் அவர்களுடைய தலைக்கு மேலேயே வந்து விழுந்தது. யுத்தம் முடிந்த பிறகு டி.கே.டபிள்யூ கம்பனியின் வேறொரு வண்டியை உலகமே பார்த்து எழுதியது: இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ, அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன், ஜப்பானில் யமஹா. காப்பி அடிக்காத கம்பனி எது என்று தேடுவது வீண் வேலை.

இனித்தான் தமிழர் மேடைக்கு வருகிறார்கள். தமிழ்நாட்டு மோட்டார் வரலாறு இரண்டு சுந்தரங்களின் கதை. ஒருவர் மதுரையில் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்கார்; அவரிடம் பிறகு வருவோம். மற்றவர் கே.ஆர். சுந்தரம் ஐயர். 1949இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்று தொடங்கி என்ஃபீல்ட் வண்டிகளை இறக்கினார். இந்திய இராணுவத்துக்கு எல்லை காக்க வண்டி தேவைப்பட்டது; புல்லட்டைப் பிடித்துப்போய்விட்டது. 1955இல் ரெடிச்காரரும் சென்னைக்காரரும் கூட்டாக ‘என்ஃபீல்ட் இந்தியா’ தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் உதிரிகள் பெட்டியில் வந்தன, இங்கே பொருத்தினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் கப்பலேறி வந்தன. 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே பிறந்தது.

ரெடிச்காரர் அப்போது சிரித்திருப்பார்கள். பழைய வரைபடத்தைக் காலனிக்காரர் தலையில் கட்டியாயிற்று, இனி நாங்கள் நவீன வண்டி செய்து சந்தையோடு ஓடுவோம் என்று. ஓடினார்கள். 1967இல் ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. மிச்சம் கொஞ்சம் பேர் ஒரு பழைய கல்லுக் கிடங்கில், நிலத்துக்குக் கீழே, இன்டர்செப்டர் என்ற பெரிய வண்டியைச் செய்துகொண்டிருந்தார்கள். 1970இல் அதுவும் முடிந்தது. கம்பனியை நிலத்துக்குக் கீழே கொண்டுபோன பிறகுதான் உயிர் போனது என்பதால் அடக்கச் செலவு மிச்சம். திருவொற்றியூரில் மட்டும் அதே பழைய வரைபடத்தை வைத்து அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தார்கள். 1977இல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். வெள்ளைக்காரர் காசு கொடுத்து வாங்கினார்கள்.

இதில் சாமர்த்தியம் எங்கே? ஒன்றுமில்லை. இந்தியா அந்தக் காலத்தில் கதவைப் பூட்டி வைத்திருந்தது. வெளிநாட்டு வண்டி உள்ளே வராது. உள்ளே யார் எத்தனை வண்டி செய்யலாம் என்பதையும் டில்லியில் ஓர் அதிகாரி பேனையால் எழுத வேண்டும். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பொறுமைதான் முதல் தவணை. மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், ராஜ்தூத், ஜாவா, அவ்வளவுதான். சந்தை மாறக் கூடாது என்று சட்டமே இருக்கும்போது கம்பனி எதற்கு மாற வேண்டும்?

அதற்காக அவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லி நரகத்துக்குப் போக எனக்கு விருப்பமில்லை. மாறப் பார்த்தார்கள். மாறப் பார்த்த ஒவ்வொரு தடவையும் விழுந்தார்கள். 1960களில் ஒரு ஸ்கூட்டர் விட்டார்கள். பேர் ‘ஃபென்டாபுலஸ்’. அப்படி ஒரு பேரை வைத்துக்கொண்டு எந்த மாமனார் வீட்டுக்குப் போவது? பிறகு புல்லட்டைச் சுருக்கி ‘மினி புல்லட்’. 1980களில் ஜேர்மனியின் சுண்டாப் கம்பனியோடு கைகோத்துச் சின்ன வண்டிகள். கை கோத்துக் கொஞ்ச நாளில், 1984இல், சுண்டாப் கடனில் மூழ்கிவிட்டது. அந்த உறவில் பிறந்த ‘ஃபியூரி’ முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் எல்லாம் வைத்து வந்தது. நிற்பதற்கு நல்ல ஏற்பாடு. வியாபாரமும் நின்றது.

அதற்குள் டில்லி கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது. 1984, 85, 86இல் ஜப்பான்காரர் வரிசையாக உள்ளே வந்தார்கள்: டி.வி.எஸ்ஸோடு சுசுக்கி, ஹீரோவோடு ஹொண்டா, எஸ்கோர்ட்ஸோடு யமஹா, பஜாஜோடு கவாசாக்கி. எல்லாம் 100 சிசி. கால் வைத்தால் ஸ்ரார்ட் ஆகிற வண்டி.

புல்லட்டை ஸ்ரார்ட் பண்ணுவது எப்படி என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய அடி என்று விளங்கும். முதலில் திறப்பைத் திருப்பி அம்பியர் மீற்றரைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெதுவாக அமத்த, ஊசி இடது பக்கமும் நடுவுமாக ஆடும். ஓர் இடத்தில் கால் இறுகும். அப்போது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன நெம்பை இழுத்து, உள்ளே அடைபட்ட காற்றை விட்டு, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு ஆளும் எழும்பி ஒரே மிதி. ஒழுங்கு பிசகினால் அது திருப்பி மிதிக்கும், கணுக்கால் வீங்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நியூற்றல் அகப்படாது என்று கம்பனிக்கே தெரியும். அதனால் நியூற்றல் தேடுவதற்கென்றே தனியாக ஒரு மிதிகட்டை வைத்திருந்தார்கள். வண்டி நின்ற இடத்தில் ஓயில் சொட்டும். புல்லட்காரர் அதைக் குறையாக நினைப்பதில்லை. சொட்டு நின்றால்தான் பயம்: உள்ளே ஓயில் முடிந்துவிட்டது.

1993இல் டீசல் புல்லட். 325 சிசி, ஆறரைக் குதிரைவலு, மணிக்கு 65 கிலோமீற்றர் போனால் பெரிய காரியம். ஒரு லீற்றர் டீசலில் 70, 80 கிலோமீற்றர் ஓடும் என்பார்கள். பால்காரரும் கமக்காரரும் ஆசையோடு வாங்கினார்கள். தொழிற்சாலையிலேயே செய்து எண்ணிக்கையாக விற்ற டீசல் மோட்டார் சைக்கிள் உலகத்தில் அநேகமாக அது ஒன்றுதான். புகைச் சட்டம் இறுகியதும் அதுவும் போனது. எங்கள் பக்கத்து மீன் வியாபாரிக்கென்றே கடவுள் செய்த வண்டி என்று நான் இப்போதும் நினைக்கிறேன். கடவுள் அதைப் பிழையான கரையில் இறக்கிவிட்டார்.

ஐஷர் என்ற ட்ரக்டர் கம்பனி 1990இல் என்ஃபீல்டில் பங்கு வாங்கி, 1994இல் முழுதாகச் சேர்த்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் மூடலாமா விற்கலாமா என்ற பேச்சு. மாதம் 6,000 வண்டி செய்யக்கூடிய இடத்தில் 2,000 அளவில் போய்க்கொண்டிருந்தது. முதலாளி வீட்டுப் பிள்ளை சித்தார்த்த லாலுக்கு அப்போது வயது 26. ‘எனக்கொரு சந்தர்ப்பம் தாருங்கள்’ என்றார். ஐஷர் அப்போது ட்ரக்டர், சப்பாத்து, உடுப்பு என்று கண்ட வியாபாரமெல்லாம் செய்துகொண்டிருந்தது. பிள்ளை ஒவ்வொன்றாக விற்றார். 2005இல் ட்ரக்டரையும் சென்னை டாஃபே கம்பனியிடம் கொடுத்துவிட்டு, லொறியையும் மோட்டார் சைக்கிளையும் மட்டும் வைத்துக்கொண்டார். ஊசியில் தொடங்கிய கம்பனிக்கு ட்ரக்டர் விற்ற காசில் உயிர் வந்தது.

அவர்கள் அடுத்துச் செய்ததைத்தான் நான் மெச்சுகிறேன், அதில் கொஞ்சம் கள்ளம் இருப்பதால். கியரை இடது காலுக்குக் கொண்டுவந்தார்கள். பட்டனை அமத்தினால் ஸ்ரார்ட் ஆக வைத்தார்கள். வார்ப்பிரும்பு எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு அலுமினிய எஞ்சின் வைத்தார்கள். ஓயில் சொட்டு நின்றது. பழைய ஆட்கள் சத்தம் போய்விட்டதே என்று மாரடித்தார்கள். கம்பனி அந்தத் ‘தட தட’வில் முடிந்த அளவைப் புது எஞ்சினிலும் வரப்பண்ண மினக்கெட்டது. உள்ளே எல்லாவற்றையும் மாற்றிய பிறகு, 2009இல், ‘கிளாசிக்’ என்று பேர் வைத்து, வெளியே 1950 மாதிரி உடுப்பு மாட்டி, ஒன்றுமே மாறவில்லை என்று விற்றார்கள். ரெடிச்காரர் மாறுகிறோம் என்று சொல்லிச் செத்தார்கள். திருவொற்றியூர்காரர் மாறிவிட்டு, மாறவில்லை என்று சத்தியம் பண்ணினார்கள். 2010 அளவில் வருடம் 50,000 வண்டி. 2018-19இல் எட்டு லட்சத்துக்கு மேல். 2024-25இல் பத்து லட்சம் தாண்டியது. ஓரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ரோபோ கை பெயின்ற் அடிக்கிற தொழிற்சாலைகள். தாங்கியில் ஓடுகிற தங்கக் கோட்டை மட்டும் மனிதர் கையால் இழுப்பது அந்தக் கம்பனியின் பழைய வழக்கம். அடிமட்டம் இல்லை, ஒட்டுத்தாள் இல்லை. மெல்லிய தூரிகையைத் தோய்த்து, மூச்சைப் பிடித்து, வளைவோடு வளைவாக ஒரே இழுப்பு. முன்பு வேலைக்குப் போவதற்குப் புல்லட் வாங்கினார்கள். இப்போது வேலையை விட்டுவிட்டு லடாக் போவதற்கு வாங்குகிறார்கள்.

இனி இக்கரை. மன்னாரில் மோட்டார் சைக்கிளுக்கு முந்திய வாகனம் கழுதை. அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் என்பார்கள். அவர்கள் போய்விட்டார்கள், கழுதைகள் பிரசாவுரிமை கேட்காமலே தங்கிவிட்டன. 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது, கப்பலும் வந்தது. கழுதைகளுக்கு வேலை குறைந்தது. 1964 புயல் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போனது.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ அம்மையாரின் ஆட்சி. இந்தியா மாதிரியே நாங்களும் கதவைப் பூட்டினோம். வெளிநாட்டுச் செத்தல் மிளகாயும் வெங்காயமும் வராததால் வடக்கில் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. வன்னியில் மிளகாய் நட்டவர் மெத்தை வீடு கட்டினார். மோட்டார் சைக்கிள் வாங்க ஆசை. நாட்டில் புது வண்டி இல்லை. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன கதவைத் திறந்தார். கப்பல் கப்பலாக ஹொண்டா வந்தது. கூடவே வெளிநாட்டு மிளகாயும் வந்தது, விலை விழுந்தது. காசு இருந்தபோது வண்டி இல்லை. வண்டி வந்தபோது காசு இல்லை. முப்பது கிலோமீற்றர் அந்தப் பக்கம் பூட்டு, இந்தப் பக்கம் திறப்பு. புல்லட் அங்கே பிழைத்ததற்கும் இங்கே எட்டிப் பார்க்காததற்கும் காரணம் இந்த ஒரு பூட்டுத்தான்.

வந்த ஜப்பான்காரரும் நேர்வழியில் மோட்டார் சைக்கிளுக்கு வந்தவர்கள் இல்லை. யமஹா, சுசுக்கி, ஹொண்டா மூன்று பேருக்கும் ஊர் ஹமமட்சு பக்கம்தான். யமஹாவுக்கு மூலபுருஷர் 1887இல் பள்ளிக்கூடத்து ஓர்கன் திருத்தியவர். யுத்தத்தில் அந்தக் கம்பனி விமானத்துக்கு விசிறி செய்தது. யுத்தம் முடிந்ததும் சும்மா கிடந்த யந்திரங்களை வைத்து 1955இல் மோட்டார் சைக்கிள். சுசுக்கி 1909இலிருந்து தறி செய்தவர். 1951இல் பருத்திச் சந்தை படுத்தது. அடுத்த வருடமே சைக்கிளுக்கு எஞ்சின் பூட்டினார். ஹொண்டாவின் கதைதான் எங்களுக்குச் சொந்தக்காரக் கதை. 1946. தோற்றுப்போன நாடு, பெற்றோல் பங்கீடு. சொய்ச்சிரோ ஹொண்டா இராணுவம் கைவிட்ட வயர்லெஸ் ஜெனரேற்றர் எஞ்சின்களை எடுத்துச் சைக்கிளில் பூட்டினார். பெற்றோலுக்கு எங்கே போவது? பைன் மரத்து எண்ணெயை ஊற்றி ஓட்டினார். புகையும் நாற்றமும் ஊரைத் தூக்கியது. பொலிஸ் கேட்டால் ‘இது பெற்றோல் இல்லை’ என்று சொல்லலாம்.

1958இல் சூப்பர் கப். சோபா நூடில்ஸ் கொண்டுபோகிற கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மற்றக் கையால் ஓட்ட வேண்டும் என்று நினைத்து, இடது கைக்கு வேலை வைக்காமல் கிளச்சையே ஒளித்துவிட்டார்கள். அதன் வம்சத்தில் ஜப்பான் தபால்காரருக்கென்று செய்தது எம்.டி 90. வீட்டுக்கு வீடு நின்று நின்று போகிற வண்டி. ரோக்கியோவில் கடிதம் சுமந்து ஓய்வுபெற்ற வண்டிகள் வன்னிக்கு வந்து என்னென்ன சுமந்தன என்று கணக்கெடுத்தால் ஜப்பான் தபால் அமைச்சர் மயங்கி விழுவார். சிடி 125, சிடி 200 என்ற அண்ணன்மாரும் இருந்தார்கள். மடு றோட்டு மணலில் புதையாமல் போனது என்னவோ இந்தச் சிவப்புத் தபால்காரன்தான்.

1990இல் யுத்தத்தோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி, சீமெந்து, பசளை என்று பட்டியல் நீண்டது. மன்னார் தீவு இராணுவத்திடம். அடம்பன், மடு, விடத்தல்தீவு, இலுப்பைக்கடவைப் பக்கம் புலிகளிடம். தீவையும் நிலத்தையும் தொடுக்கிற பாலம் உடைந்து கிடந்தது. நிலப்பக்கத்தில் பெற்றோல் ஒரு மருந்து. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டில் கொஞ்சம் வரும்.

அப்போதுதான் எங்கள் கராஜ்காரர் ஹொண்டாவின் ஆராய்ச்சிப் பிரிவை இலவசமாக நடத்தினார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எஞ்சின் சூடானால்தான் எரியும். ஆகவே பெற்றோலைச் சின்னப் போத்தலில் சேர்ட் பையில் வைத்திருக்க வேண்டும். காபரேற்றரின் வாயில் நாலு சொட்டு விட்டு, கிக்கரை உதைத்து, அது இருமத் தொடங்குகிற நேரம் பார்த்து மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்க வேண்டும். பிந்தினால் நின்றுவிடும், முந்தினால் வெள்ளைப் புகை கக்கிவிட்டு நிற்கும். பெற்றோலுக்குச் செய்த அமுக்கம் மண்ணெண்ணெய்க்குக் கூட; உள்ளே சுத்தியலால் அடிக்கிற சத்தம் கேட்கும். அதற்குத் தலைப்பக்கம் கூடுதலாக ஒரு பக்கிங். பிளக் கரியாகும்; கழற்றி, உப்புத்தாள் போட்டு, பூட்டி, ஓட வேண்டும்.

“தம்பி, பெற்றோல் ஊத்தத் தேவையில்லை. காட்டினாக் காணும்” என்பது கராஜ் வாக்கு.

அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஹொண்டா கம்பனி இந்தச் சந்தைக்கென்று ஓர் ஆணியைக்கூட மாற்றவில்லை. 1946இல் ஹமமட்சுவில் முதலாளி பட்ட பாட்டை 1990களில் அடம்பனில் வாங்கினவன் பட்டான். அவர் அதிலிருந்து கம்பனி கட்டினார். நாங்கள் அதிலிருந்து சளியும் கண்ணெரிச்சலும் கட்டினோம். சொய்ச்சிரோ 1991 ஓகஸ்டில் காலமானார். ஒரு தரம் வந்து புகையை மோந்திருந்தால் வாலிபம் திரும்பியிருக்கும்.

கடலில் மட்டும் கம்பனி காது கொடுத்தது. ஓர்கன்காரர் யமஹா வெளியிணைப்பு எஞ்சினில் மண்ணெண்ணெய்க்கென்றே ஒரு வகை செய்து மூன்றாம் உலகத்து மீனவருக்கு விற்றார்கள். பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அடம்பன் கராஜ் வேதம் அப்படியே, ஆனால் உத்தரவாதப் பத்திரத்தோடு. பேசாலையிலும் பள்ளிமுனையிலும் வள்ளங்கள் அதிலே ஓடின. மண்ணெண்ணெய் மலிவாக இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டிய எஞ்சின் அது. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆனது.

யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு வடக்குக்கு முதலில் வந்தவர்கள் வங்கிக்காரரும் லீசிங்காரரும்தான். கண்ணிவெடி எடுத்து முடிந்ததா என்று பார்த்து வந்தார்கள் என்று சொல்வது கொஞ்சம் மிகைதான். 2010இல் ஜப்பான் உதவியோடு புதுப் பாலம் திறந்தது; அதன் மேலால் இந்திய வண்டிகள் வந்தன. புனே பஜாஜின் கதை சுருக்கமாக: இத்தாலி வெஸ்பாவைப் பார்த்து ஸ்கூட்டர் செய்து, காத்திருந்த மக்களிடம் விற்றுப் பெரிய ஆளாகி, காத்திருக்கத் தேவையில்லாத காலம் வந்ததும் திகைத்து, 2001இல் பல்சர் விட்டுத் தப்பி, 2009இல் ஸ்கூட்டரையே கைவிட்டவர்கள். கைவிட்டுப் பத்து வருடத்தில் அதே ‘சேத்தக்’ பேரில் மின்சார ஸ்கூட்டர் கொண்டுவந்தார்கள் என்பது வேறு.

மதுரைச் சுந்தரத்தின் வாரிசுகள் டி.வி.எஸ். 1911இல் பஸ்சில் தொடங்கி, 1980இல் ஓசூரில் டி.வி.எஸ் 50 செய்து, சுசுக்கியோடு சேர்ந்து, 2001இல் பிரிந்தவர்கள். அவர்களுடைய ஸ்கூட்டி பெப் எங்கள் ஊருக்குச் செய்த மாற்றத்தை எந்த அரசாங்கமும் செய்யவில்லை. ரீச்சர்மார் தம்பிமாரை நம்பிப் பின்னால் இருந்து போன காலம் முடிந்தது. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தலைக்கவசத்துக்குள் கொண்டையை அடக்கி, முசலிக்கும் நானாட்டானுக்கும் தனியாகப் போய் வந்தார்கள். மீன் வியாபாரி பின் சீற்றில் ரெஜிபோம் பெட்டியைக் கட்டினார். உப்புக்காற்று ரிம்மைத் தின்னாமல் இருக்க, புது வண்டி வாங்கிய அன்றே கழிவு ஓயில் பூசினோம். எந்தக் கம்பனியின் கைநூலிலும் அது இல்லை.

2020 மார்ச்சில் டொலர் போதாது என்று வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பூட்டு திரும்பவும் எங்கள் பக்கம். பாவித்த வண்டி வாங்கிய விலையை விடக் கூட விலைக்குப் போனது. வீட்டுக்குப் பின்னால் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த சிடி 125ஐ எழுப்பித் துடைத்தார்கள். 2022 யூலையில் பெற்றோலுக்கு கியூஆர் அட்டை. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர். இளம் பொடியள் ‘இப்படி ஒரு கஷ்டம் உலகத்திலேயே இல்லை’ என்று புலம்ப, அடம்பன் பக்கத்து ஐம்பது வயதுக்காரர் சேர்ட் பையைத் தடவிக்கொண்டு சிரித்தார்கள். மண்ணெண்ணெயும் வரிசையில்தான் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்தது. வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் மறுபடி அந்தக் கோழி வண்டிக்கே பிளக் வாங்கினார்கள்.

அக்கரைக்காரர் இதற்கிடையில் இன்னொரு வேலை பார்த்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் மிலானில் ஒரு மின்சார வண்டியைக் காட்டினார்கள். பேர் பழைய ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’தான். உருவமும் அந்தப் பரசூட் வண்டியின் சாயல். தட தட இல்லை, ஓயில் இல்லை, நெம்பு இல்லை. நூறு வருடம் சத்தத்தை விற்ற கம்பனி இனிச் சத்தமின்மையை விற்கப் போகிறது. அதையும் ‘ஒன்றும் மாறவில்லை’ என்றே விற்பார்கள், எனக்குச் சந்தேகமில்லை.

மன்னாருக்கு அது வந்தால் என்னாகும் என்று கராஜில் கேட்டேன். உப்புக்காற்றுக்கு பற்றரி தாங்காது என்று ஒருவர். மின்வெட்டு நேரம் எங்கே சார்ஜ் போடுவது என்று இன்னொருவர். இரவில் தார் றோட்டில் சூட்டுக்குப் படுத்திருக்கிற கழுதைகளுக்கு வண்டி வருவது கேட்காதே, எப்படி எழும்பும் என்று நான் கேட்டேன்.

“அதுகள் சிடி 200க்கே எழும்பாது அண்ணை. நாங்கள்தான் வெட்டி எடுத்துக்கொண்டு போறது.”